பர்னருக்குத் தெரிவது கோணம் மட்டும்தான்: எண்ணெயும் காற்றும் சேர்ந்து ஓடும் விதம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஃபர்னஸ் ஆயிலில் (கெட்டியான எரி எண்ணெயில்) ஓடும், மணிக்கு 6 டன் நீராவி தரும் பாய்லர். மாடுலேட்டிங் பர்னர், அதாவது சுவாலையைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது. எண்ணெயைத் தூவும் முனை ஸ்பில் ரிட்டர்ன் நாசில். சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் ஒரே சர்வோ மோட்டார், அதிலிருந்து கேமும் (வளைந்த விளிம்புள்ள தட்டு) லிங்கேஜ் ராடும் (இணைப்புக் கம்பி). லோடு (நீராவித் தேவை) ஏறும்போது புகைபோக்கி சுத்தமாக இருக்கிறது. இறங்கும்போது மட்டும் கறுப்புப் புகை வருகிறது, லோ ஃபயரில் (மிகச் சிறிய சுவாலையில்) வந்து நின்றதும் மறைந்துவிடுகிறது. ஓடும்போது எண்ணெயையும் காற்றையும் பர்னர் எப்படிச் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது, இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘இறங்கும்போது மட்டும்’ என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

உங்கள் பர்னர் எண்ணெயை அளப்பதில்லை. காற்றையும் அளப்பதில்லை. நீராவி அழுத்தத்தை மட்டும் பார்க்கிறது. அழுத்தம் செட் பாயிண்டுக்குக் கீழே போனால் கன்ட்ரோலர் சர்வோ மோட்டாரை ஒரு பக்கம் திருப்பும், மேலே போனால் மறுபக்கம் திருப்பும். மோட்டார் தண்டு திரும்பினால் ராடு வழியாகக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டாம்பர் தகடு திரும்புகிறது, கேம் வழியாக எண்ணெய் ரெகுலேட்டர் நகர்கிறது. தண்டு 40 டிகிரியில் நின்றால் இவ்வளவு எண்ணெய், இவ்வளவு காற்று என்று யாரோ ஒருவர் ஒருநாள் புகைபோக்கி வாயுவை அளக்கும் அனலைசரை வைத்துப் பார்த்து செட் செய்துவிட்டுப் போயிருப்பார். அன்றைக்கு வந்த அளவுதான் இன்றைக்கும் வருகிறது என்ற நம்பிக்கையில் பர்னர் ஓடுகிறது. நடுவில் எது மாறியிருந்தாலும் அதற்குத் தெரியாது. பர்னர் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அளவுகளைப் பார்ப்போம். 1 கிலோ ஃபர்னஸ் ஆயில் முழுசாக எரிய ஏறத்தாழ 14 கிலோ காற்று வேண்டும். கன அளவில் கிட்டத்தட்ட 12 கன மீட்டர். உங்கள் பாய்லர் முழு லோடில் மணிக்கு 400 கிலோ பக்கம் எண்ணெய் எரிக்கும். அப்படியானால் ஃபேன் மணிக்கு 5000 கன மீட்டருக்கு மேல் காற்றைத் தள்ளியாக வேண்டும். கணக்குக்குச் சரியாக இருக்கும் காற்றை மட்டும் கொடுத்தால் புகைதான் வரும், ஏனென்றால் ஒவ்வொரு எண்ணெய்த் துளியும் ஒரு நொடிக்குள் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவு கச்சிதமாகக் கலக்கும் பர்னர் கிடையாது. அதனால் 15 முதல் 20 சதவீதம் காற்றைக் கூடுதலாக விடுகிறோம். புகைபோக்கியில் ஆக்சிஜன் 3 சதவீதம் என்று காட்டினால் கூடுதல் காற்று 17 சதவீதம் பக்கம் என்று பொருள். 21-லிருந்து 3-ஐக் கழித்து, வரும் 18-ஆல் 3-ஐ வகுத்தால் இது கிடைத்துவிடும். காற்று குறைந்தால் கரி. கூடினால் காற்றைச் சுட வைத்து வெளியே அனுப்புகிறோம், எண்ணெய் வீண். ரொம்பவும் கூடினால் சுவாலை குளிர்ந்து, பாதி எரிந்த எண்ணெய் ஆவி வெள்ளையாகப் புகைபோக்கியில் தெரியும்.

இனி எண்ணெய்ப் பக்கம். குழாயைத் திருகித் தண்ணீரைக் குறைப்பதுபோல எண்ணெயைக் குறைத்துவிட முடியாது. சாதாரண பிரஷர் ஜெட் நாசிலில் எண்ணெயைத் தூவலாக உடைப்பதே அழுத்தம்தான். ஓட்டமோ அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 20 பாரில் ஓடும் நாசிலில் எண்ணெயைப் பாதியாக்க வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கால் பங்காக, அதாவது 5 பாராக இறக்க வேண்டும். 5 பாரில் தூவல் இருக்காது, பெரிய பெரிய துளிகள்தான் விழும். சின்ன பர்னர்களில் ஒன்றுக்கு இரண்டு நாசில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தால் திறந்து மூடும் தனி சொலினாய்டு வால்வு கொடுத்திருப்பது இதனால்தான். அங்கே லோடு படிப்படியாக ஏறாது, ஒரே தாவலாகத் தாவும். டாம்பர் திறந்துகொண்டே போகும் வழியில், சர்வோவுக்குள் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் இரண்டாவது வால்வைத் திறக்கச் சொல்லும். அந்த சுவிட்ச் அடிக்கும் இடம் முன்னால் இருந்தால் காற்று வருவதற்குள் எண்ணெய் வந்து புகை கக்கும். பின்னால் தள்ளி இருந்தால் முதல் நாசிலின் சுவாலை அளவுக்கு மீறிய காற்றில் தத்தளிக்கும், சில நேரம் அணைந்தே போகும். இரண்டு கட்ட பர்னரில் ‘மாறும்போது ஒரு புகை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்த சுவிட்சின் இடத்தைத்தான்.

உங்களுடையது ஸ்பில் ரிட்டர்ன். அழகான யோசனை அது. நாசிலுக்கு எப்போதும் 20, 25 பார் அழுத்தத்தில் எண்ணெய் போய்க்கொண்டே இருக்கிறது. நாசிலுக்குள் அது வேகமாகச் சுழல்கிறது. ஒரு பங்கு முன்னால் உள்ள ஓட்டை வழியாகச் சுவாலைக்குப் போகிறது, மீதி பின்னால் ரிட்டர்ன் லைனில் திரும்பிவிடுகிறது. ரிட்டர்னில் உள்ள ரெகுலேட்டரை நெருக்கினால் திரும்பும் எண்ணெய் குறைந்து சுவாலைக்குப் போவது கூடும், தளர்த்தினால் சுவாலைக்குப் போவது குறையும். இரண்டிலும் உள்ளே சுழலும் வேகம் விழுவதில்லை, அதனால் லோ ஃபயரிலும் தூவல் மெல்லியதாகவே இருக்கும். இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள்: லோடு இறங்கும்போது ரிட்டர்ன் அழுத்தம் இறங்கியே ஆக வேண்டும். அது இறங்கத் தாமதித்தால் எண்ணெய் குறையாது. உங்கள் புகைக்குப் பிறகு இது தேவைப்படும்.

இதைத் தவிர, நீராவியையோ அழுத்தக் காற்றையோ விட்டு எண்ணெயை உடைக்கும் வகை உண்டு. அதில் நீராவியின் அழுத்தத்தை எண்ணெயின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட வித்தியாசத்தில் பிடித்து வைக்க வேண்டும், லோடை இன்னும் ஆழமாக இறக்கலாம். ரோட்டரி கப் வகையில் நிமிடத்துக்கு 5000 சுற்று பக்கம் சுழலும் கோப்பையின் விளிம்பிலிருந்து எண்ணெய் படலமாகச் சிதறும். அங்கே எண்ணெய் அழுத்தத்துக்கு வேலையே இல்லை, அளவு வால்வு மட்டும் போதும்.

எண்ணெயின் சூடு பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஃபர்னஸ் ஆயிலை 100 முதல் 120 டிகிரி வரை சூடாக்கி, 15 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அளவு) பக்கம் இளக்கித்தான் நாசிலுக்கு விடுகிறோம். சூடு குறைந்தால் என்ன ஆகும்? எண்ணெய் கெட்டியாகும், ஓட்டம் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். குழாயில் அது உண்மை. சுழல் நாசிலில் பல நேரம் தலைகீழாக நடக்கிறது. இளகிய எண்ணெய் சுழன்று வரும்போது ஓட்டையின் நடுவே ஒரு காற்றுத் தூண் நிற்கும், எண்ணெய் ஓரத்தில் மெல்லிய படலமாக மட்டும் வெளியேறும். கெட்டி எண்ணெய்க்கு அந்தச் சுழற்சி வராது. தூண் ஒல்லியாகும், ஓட்டையை எண்ணெய் அடைத்துக்கொண்டு வரும். எண்ணெய் கூடவும் செய்யும், துளியும் பெரிதாகும். டாம்பர் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஹீட்டரில் ஒரு எலிமென்ட் போனாலோ, தெர்மோஸ்டாட் 10 டிகிரி தள்ளி நின்றாலோ, கேமைத் தொடாமலேயே காற்றுக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு கெட்டுவிடுகிறது. புகை என்றதும் டாம்பர் திருகைத் தேடிப் போகிறவர்கள் நிறைய. முதலில் நாசிலுக்குப் பக்கத்தில் உள்ள வெப்பமானியைப் பாருங்கள். அப்புறம், நாசிலைச் சுத்தம் செய்யும்போது கம்பி விட்டுக் குத்தாதீர்கள். டீசலில் ஊற வைத்து மரக் குச்சியால் துடையுங்கள். ஓட்டையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தாலும் தூவல் ஒரு பக்கமாகச் சாயும்.

காற்றுப் பக்கம் டாம்பர் பார்க்க எளிமையானது, நடத்தை அப்படி இல்லை. மூடிய நிலையிலிருந்து முதல் 30 டிகிரிக்குள் காற்றின் பெரும்பங்கு வந்துவிடும். 60-லிருந்து 90 வரை திருப்பினால் பெரிதாக எதுவும் கூடாது. எண்ணெய் ரெகுலேட்டருக்கு அதன் சொந்த வளைவு. இரண்டு வளைவுகளையும் எல்லா லோடிலும் ஒன்றோடொன்று பொருத்தி வைப்பதுதான் கேமின் வேலை. அதன் ஓரத்தில் வரிசையாகத் திருகுகள், மேலே ஒரு எஃகுப் பட்டை. ஒவ்வொரு திருகையும் கொஞ்சம் உள்ளே வெளியே நகர்த்திப் பட்டையை வளைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிஜனைச் சரி செய்வார்கள். பெரும்பாலும் ஹை ஃபயரில் (முழுச் சுவாலையில்) 3 சதவீதத்துக்குப் பக்கமும், லோ ஃபயரில் 5, 6 என்று தாராளமாகவும் வைப்பார்கள், ஏனென்றால் லோ ஃபயரில் காற்றுக்கு வேகம் இல்லை, நாசிலைச் சுற்றியுள்ள டிஃப்யூசர் தட்டு அதைச் சுழற்றி எண்ணெயோடு கலக்கும் பலம் குறைந்துவிடுகிறது.

இந்தத் தாராளம்தான் உங்கள் பர்னரில் லோ ஃபயர் வந்ததும் புகையை மறைக்கிறது. நடுவில் உள்ள லோடுகளில் அந்த இடைவெளி இல்லை.

இப்போது நேராகப் புகைக்கு வரலாம். லோடு ஏறும்போது காற்று முந்த வேண்டும், எண்ணெய் பின்னால் வர வேண்டும். இறங்கும்போது எண்ணெய் முதலில் குறைய வேண்டும், காற்று அப்புறம். ஒரே தண்டில் இரண்டையும் கட்டியிருக்கும் பர்னரில் முந்துவதும் பிந்துவதும் இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும். ஆனால் லிங்கேஜ் மூட்டுகள் தேய்ந்தால், தண்டு திசை மாறித் திரும்பும்போது முதல் இரண்டு மூன்று டிகிரி வெறும் தளர்வைத் தாண்டுவதற்கே போய்விடும். தளர்வு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் எப்போதும் பின்தங்கும். டாம்பர் ராடில் தளர்வு இருந்தால், ஏறும்போது காற்று பின்தங்கிப் புகை வரும், இறங்கும்போது டாம்பர் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தே இருந்து புகையில்லாமல் போகும். எண்ணெய்ப் பக்கம் தளர்வு இருந்தால் இது அப்படியே மாறும்: ஏறும்போது எண்ணெய் பின்தங்குவதால் சுத்தம், இறங்கும்போது எண்ணெய் குறைய மறுத்துப் புகை. உங்கள் விவரம் இரண்டாவதோடு ஒத்துப்போகிறது. ஆகவே டாம்பரை விட்டுவிட்டு எண்ணெய் ரெகுலேட்டரின் கைப்பிடி, அதன் பால் ஜாயிண்ட், கேம் மேல் ஓடும் உருளை, அந்த உருளையைக் கேமோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

சோதிப்பது எளிது. பர்னரை மேனுவலில் போட்டு, லோ ஃபயரிலிருந்து மெதுவாக ஏற்றி, சர்வோவின் அளவுகோலில் ஏதாவது ஒரு நடு எண்ணில் நிறுத்துங்கள். ரெகுலேட்டர் கைப்பிடியின் அச்சிலும் அது உட்கார்ந்திருக்கும் உடம்பிலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரே கோடாக இழுங்கள். டாம்பர் அச்சிலும் அதேபோல ஒரு கோடு. ரிட்டர்ன் அழுத்தத்தையும் புகைபோக்கி ஆக்சிஜனையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஹை ஃபயர் வரை போய், திரும்ப இறக்கி, அதே எண்ணில் நிறுத்துங்கள். டாம்பர் கோடு ஒட்டி நின்று, ரெகுலேட்டர் கோடு உடைந்து நின்றால் விஷயம் முடிந்தது. நான் ஒரு பர்னரில் இப்படிப் பார்த்தபோது கோடு ஒரு மில்லிமீட்டர்கூட விலகவில்லை, பேனா முனையின் தடிமன் அளவுதான். ஆனால் ஆக்சிஜன் ஏறி வரும்போது 4 பக்கமும், இறங்கி வரும்போது 2 பக்கமும் நின்றது. விரலால் பால் ஜாயிண்டைப் பிடித்து ஆட்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்த மூட்டை மாற்றியதும் இரண்டு எண்ணும் ஒன்றாகிவிட்டன. கேம் திருகு ஒன்றையும் தொடவில்லை.

ஒருவேளை இரண்டு கோடுகளும் ஒட்டி நின்று, ரிட்டர்ன் அழுத்தம் மட்டும் இறங்கி வரும்போது உயரமாக இருந்தால், லிங்கேஜ் நல்லது, ரெகுலேட்டருக்குள் பிஸ்டன் ஒட்டிக்கொள்கிறது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். நிலையாக நின்றபிறகு அழுத்தம் சரியாகி, இறங்கும் நேரத்தில் மட்டும் தாமதித்தால் ரிட்டர்ன் லைனைப் பாருங்கள்: அடைத்த ஸ்டிரெய்னர், சூடு பிடிக்காத குழாய்க்குள் கெட்டிப்பட்ட எண்ணெய். வேறொரு பர்னரின் ரிட்டர்னும் அதே லைனில் சேர்ந்தால், அந்த பர்னர் தள்ளும் அழுத்தம் உங்கள் நாசிலில் எண்ணெயைக் கூட்டும். ஸ்பில் ரிட்டர்னில் இது நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை.

சரி, இதெல்லாம் சரியாக இருந்தும் புகை வரும் நாட்கள் உண்டு. காற்றின் சூடு அதற்கு ஒரு காரணம். ஃபேன் தள்ளுவது கன அளவு, எண்ணெய்க்கு வேண்டியது எடை. 15 டிகிரியில் செட் செய்த பர்னர் 35 டிகிரியில் ஓடினால், அதே டாம்பர் நிலையில் காற்றின் எடை ஆறரை சதவீதம் குறைகிறது. 3 சதவீத ஆக்சிஜனில் வைத்திருந்தது 2-க்குக் கீழே போய்விடும். குளிரில் நன்றாக ஓடிய பர்னர் வெயில் காலத்தில் புகைவது இப்படித்தான். செட் செய்யும்போது காற்றின் வெப்பநிலையை எழுதி வைக்காதவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார் என்பது என் கருத்து.

இப்போது வரும் எலக்ட்ரானிக் கேம் இந்தத் தளர்வுகளில் பலவற்றைத் தீர்த்துவிட்டது. எண்ணெய்க்கு ஒரு சர்வோ, காற்றுக்கு ஒரு சர்வோ, ஃபேனுக்கு வேகத்தை மாற்றும் டிரைவ். ராடு கிடையாது. ஒவ்வொரு லோடு புள்ளிக்கும் இரண்டின் கோணமும் நினைவகத்தில் இருக்கும். கட்டளையிட்ட கோணத்துக்கு சர்வோ வந்து சேரவில்லை என்றால் பர்னரை நிறுத்திவிடும். ஃபேன் வேகம் ஏறும் வரை எண்ணெயைக் காக்க வைக்கவும் தெரியும். மின்சாரமும் மிச்சம்: ஃபேன் வேகத்தை 80 சதவீதமாக இறக்கினால் வாங்கும் சக்தி ஏறத்தாழ பாதியாகிவிடும். இருந்தாலும் அதற்குத் தெரிவதும் கோணம்தான், அதுவும் சர்வோவின் கோணம். சர்வோவையும் டாம்பரையும் இணைக்கும் கப்ளிங்கில் ஒரு திருகு தளர்ந்து அச்சு வழுக்கினால், திரையில் 40 டிகிரி என்று அழகாகக் காட்டும், டாம்பர் 33-இல் நிற்கும். அங்கும் அந்த மார்க்கர் கோடு உதவும்.

ஆக்சிஜன் டிரிம் சேர்த்தால்தான் பர்னருக்கு முதல் முறையாக முடிவு தெரிகிறது. புகைபோக்கியில் வைத்து, 700 டிகிரிக்குத் தனியாகச் சூடாக்கிய ஒரு ஜிர்கோனியா செல் (ஆக்சிஜன் சென்சார்) மீதமுள்ள ஆக்சிஜனைச் சொல்ல, கன்ட்ரோலர் டாம்பரைக் கொஞ்சம் திருத்துகிறது. காற்றுச் சூடு, எண்ணெய்ச் சூடு போன்ற மெதுவான மாற்றங்களை இது நன்றாகப் பிடிக்கும். லோடு வேகமாக மாறும்போது பயன்படாது, புகை அங்கே வந்து சேர்ந்து செல் பதில் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடும். அதனால் உங்கள் புகைக்கு டிரிம் மருந்தாகாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாய்லர் பின்கதவின் கேஸ்கெட் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டால் செல் அதையும் எண்ணி ஆக்சிஜன் அதிகம் என்று சொல்லும், கன்ட்ரோலர் நம்பி காற்றைக் குறைக்கும், சுவாலை பட்டினி கிடக்கும். டிரிம் நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் கதவு முதலில் இறுக வேண்டும்.

பெரிய பாய்லர்களில் எண்ணெயையும் காற்றையும் மீட்டர் வைத்தே அளக்கிறார்கள். ஸ்பில் ரிட்டர்ன் என்றால் போவதற்கு ஒரு மீட்டர், திரும்புவதற்கு ஒரு மீட்டர், வித்தியாசம்தான் எரிவது. அங்கே எண்ணெய்க்கான கட்டளை, லோடு கேட்பது, இப்போது வரும் காற்று தாங்குவது ஆகிய இரண்டில் சின்னது. காற்றுக்கான கட்டளை, லோடு கேட்பது, இப்போது எரியும் எண்ணெய்க்குத் தேவைப்படுவது ஆகிய இரண்டில் பெரியது. இந்த இரண்டு தேர்வுகளால் ஏறும்போது காற்று தானாகவே முந்துகிறது, இறங்கும்போது எண்ணெய் தானாகவே முந்துகிறது. 6 டன் பாய்லருக்கு இவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. தளர்வில்லாத லிங்கேஜும் ஒழுங்கான எண்ணெய்ச் சூடும் போதும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. புகையை நிறுத்த டாம்பரைத் திறந்துவிட்டு ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். ஹை ஃபயரில் எண்ணெய் வீணாகும், லோ ஃபயரில் சுவாலை டிஃப்யூசர் தட்டை விட்டு விலகி ஃபிளேம் ஃபெயிலியர் காட்டும். அப்போது சுவாலையைக் கண்காணிக்கும் ஃபோட்டோசெல்லையோ ஏர் பிரஷர் சுவிட்சையோ பைபாஸ் செய்யும் எண்ணம் வரும், அது எந்தக் காரணத்துக்கும் கூடாது. அணைந்த பர்னர் சூடான அறைக்குள் எண்ணெயைத் தூவிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பது இந்த வேலையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். பர்னர் தானே பூட்டிக்கொண்டு நின்றால் (லாக்அவுட்) ரீசெட்டை மறுபடி மறுபடி அழுத்தாமல், அறையில் தங்கிய எண்ணெய் ஆவியை ஃபேன் வெளியேற்றும் பர்ஜ் முழுதாக முடிய விட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

மூட்டை மாற்றியபிறகு ஒவ்வொரு கேம் புள்ளியிலும் ஆக்சிஜனையும், புகையின் கருமையைச் சொல்லும் புகை எண்ணையும் படிக்கும்போது ஏறி வரும் வழியில் மட்டும் படித்து முடித்துவிடாதீர்கள். இறங்கி வரும் வழியிலும் அதே புள்ளிகளில் நின்று படியுங்கள். இரண்டு வரிசை எண்களோடு அன்றைய எண்ணெய்ச் சூடு, காற்றுச் சூடு, ரிட்டர்ன் அழுத்தம் ஆகியவற்றையும் எழுதி பேனல் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து புகை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் வேண்டும்.